சீட்டுக்கு அடியில் நீலப் பொறி

சேவூர் திருப்பத்தில் வண்டியின் மூக்கை மெயின் ரோட்டுக்குள் நீட்டிவிட்டேன். பின்னால் முப்பது சிப்பம் அரிசி. வலது பக்கம் காலி. இடது பக்கம் தூரத்தில் ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. அது வருவதற்குள் இரண்டு வண்டி தாண்டலாம், அவ்வளவு தூரம். ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

வண்டி போகவில்லை.

நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் உருள்கிறது, இழுவை மட்டும் இல்லை. காலை இன்னும் அழுத்தினேன். 'டக், டக்' என்று இரண்டு முறை உலுக்கிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்பதுபோல் நடு ரோட்டில் ஊர்ந்தது. அதற்குள் பஸ் பெரிதாகிவிட்டது. அதன் முன்கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சை மாலை வரைக்கும் எனக்குத் தெரிந்தது.

பஸ் டிரைவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றிருக்க வேண்டும். டயர் கருகும் நாற்றம் முதலில் வந்தது, சத்தம் அப்புறம் வந்ததுபோல் ஞாபகம். இடது பக்கக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி பஸ் நின்றது. அந்தக் கதவோரம் உட்கார்ந்திருந்தது அலமேலக்கா.

"ஏம்மா சாவுகிராக்கி! வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று பஸ் டிரைவர் கத்தினார்.

என்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுப்பவள் நான். ஆரணி பஸ் ஸ்டாண்டில் விசாரித்தால் சொல்வார்கள். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. 

வண்டியை எப்படியோ ஓரம் கட்டினேன். அலமேலக்கா கதவைத் திறந்தாள், இறங்கினாள், முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள், திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள். என் மேல் கோபம் வந்தால் தெருவே கேட்கிற மாதிரி திட்டுகிறவள் அவள். அன்றைக்குக் கம்மென்று போனாள்.

அலமேலக்கா இல்லாத வண்டி

லைசென்ஸ் வாங்கிய கதையையும், 'பொம்பள ஓட்டற வண்டில லோடு ஏத்த மாட்டோம்' என்று சொன்ன புண்ணியவான்களின் கதையையும் முன்பே எழுதிவிட்டேன். அலமேலக்காவைப் பற்றி இரண்டு வரிதான் எழுதினேன். அது தப்பு.

அவள் சந்தவாசல் பக்கத்துக்காரி. சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாத குடும்பம். பதினோரு வயதில் அடுத்தவர் கழனியில் நாற்று நட இறங்கியவள், கல்யாணம் கட்டி சேவூருக்கு வந்தும் இருபது வருஷம் அதையே செய்தாள். நான் இந்த மினி லாரியை வாங்கியபோது லோடு ஏற்ற வந்த இரண்டு ஆண்களும் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். மூன்றாவதாக வந்து நின்றவள் இவள். "இருவத்தாறு கிலோ தானே ஒரு சிப்பம்? எம் பையன் அதவிட கனமா இருந்தான், அவனையே தூக்கிகினு மல ஏறிகீறேன்" என்றாள்.

அன்றிலிருந்து இடது சீட் அவளுடையது. ஸ்டீயரிங் மட்டும்தான் என் வேலை. எந்த மில்லில் எப்போது போனால் காத்திருக்க வேண்டாம், எந்த நெசவுக்காரர் வீட்டுச் சந்தில் வண்டி நுழையும், யார் சிரித்துப் பேசி நேரத்தை இழுப்பார்கள், எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ரிவர்ஸ் எடுக்கும்போது அவள் பின்னால் தட்டுகிற தட்டு ஒன்று போதும், நான் கண்ணாடியே பார்க்க மாட்டேன். அவளைப் பார்த்து நான் பிரமித்துப்போன நாட்கள் நிறைய. நேரில் சொன்னால் 'போடி' என்பாள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, கோவமா?"

"கோவம் இல்ல. பயம். அந்த பஸ்ஸு மூஞ்சி என் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு ஸ்டெல்லா. ராத்திரி பூரா கண்ண மூடினா அதான் வருது."

"சரி பண்ணிடறேன்க்கா."

"பண்ணு. ஆனா ஒண்ணு. நீ சொன்னேன்னு நா ஏற மாட்டேன். அதே எடத்துல, அதே லோடு ஏத்தி ஓட்டிக் காட்டு. நா நின்னு பாப்பேன். மனசு ஒத்துகினா ஏறுவேன். இல்லன்னா மில்லுல ஆள் கேட்டுகினு கீறாங்க, போயிடுவேன். திங்கக்கெழம வரைக்கும் பாக்கறேன்."

அன்று புதன்கிழமை.

மூன்று பிளக்

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய லாரிகள் மாதிரி டீசல் இல்லை இது. கேஸில் ஓடுகிற மினி லாரி. அவசரத்துக்கு ஒரு சின்ன பெட்ரோல் டாங்கியும் உண்டு. எஞ்சின் எங்கே என்று தேட வேண்டாம், இடது பக்க சீட்டைத் தூக்கினால் கீழே இருக்கும். இரண்டே சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளக். கரண்டை உண்டாக்குகிற காயில் ஒன்று, அங்கிருந்து பிளக்குக்குக் கொண்டுபோகிற வயர் இரண்டு. இதில் ஒன்று சரியில்லை என்றால் பாதி வண்டி செத்த மாதிரி. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள்.

மெக்கானிக் பாஷா பாயின் ஷெட்டில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தோம். பாஷா பாய்க்கு என் வயதுதான். பொறுமைசாலி. என்னோடு இத்தனை வருஷமாகச் சண்டை போடாமல் இருப்பதே அதற்குச் சாட்சி. ஸ்கேனர், 'இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்' என்று மட்டும் சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை.

"பிளக்தான்" என்றேன்.

"பாக்கலாம் சிஸ்டர். அவசரப்படாதீங்க" என்றார். நான் அதற்குள் தரணி அண்ணன் கடையில் இருந்தேன்.

தரணி அண்ணன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கல்லாவுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பிளக் என்றதும் செய்தித்தாளை விரித்து மூன்றை வரிசையாக வைத்தார். முதலாவது சாதா. இரண்டாவது கேஸ் வண்டிக்கென்று வருவது, பார்வைக்கு முதலாவதின் தம்பி. மூன்றாவது இரிடியம். அதன் முனை ஊசிபோல இருந்தது. தனி டப்பா, உள்ளே வெல்வெட் மாதிரி ஏதோ.

"ஒங்களுது கேஸ் வண்டி. நடுவுல கீறத எடுத்துகினு போங்கம்மா" என்றார்.

"இதுல எது ஒசத்தி?"

"ஒசத்தின்னா இரிடியம்தான். ஆனா அது..."

"நா பொம்பளைன்னு மட்டமானத தலைல கட்டாதீங்கண்ணே. அதையே குடுங்க."

அவர் டப்பாவைத் துடைத்துக் கொடுத்தார். அந்தத் துடைப்பில் ஒரு அபிப்பிராயம் இருந்தது. அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

இரிடியத்தை மாட்டினேன். சும்மா ஓட்டினால் வெண்ணெய் மாதிரி போனது. பத்து சிப்பம் ஏற்றியதும் முன்பைவிட மோசமாக உலுக்கியது. சரி, பிளக் இல்லை, காயில் என்று முடிவு கட்டினேன். மறுநாள் புது காயில். அரை நாள் சொன்னபடி கேட்டது. மத்தியானம் சந்தவாசல் ரோட்டில் பழையபடி முனகியது.

இன்னொன்று கவனித்தேன். பெட்ரோலுக்கு மாற்றினால் ஓரளவு போகிறது, கேஸில்தான் தயங்குகிறது. அப்படியானால் கேஸ்தான் குற்றவாளி! நேராக பங்க்குக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடினேன். பம்ப்பில் நின்ற பெண் நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் எனக்குப் பின்னால் நின்ற ஆட்டோ வரிசையைக் காட்டினாள்.

"இவங்க எல்லாரும் இதே கேஸுதான் போடறாங்கக்கா. இவங்களுது தயங்கலியே?"

ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

தார்ப்பாய்க்குள்

சனிக்கிழமை காலையில் பாஷா பாய் ஷெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. வண்டிக்காக இல்லை. திங்கட்கிழமை இடது சீட் காலியாக இருக்கும் என்பதை நினைத்து.

பாஷா பாய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"சிஸ்டர், மூணு நாளா நீங்க கடைய பாத்துகினு கீறீங்க. வண்டிய பாக்கவே இல்ல."

"எல்லாத்தையும் மாத்திட்டேனே பாய்."

"மாத்தறது வேற, பாக்கறது வேற. பொறி உண்டாவுது, நல்லாத்தான் உண்டாவுது. அது எங்க போவுதுன்னு பாக்கணும்."

"பொறிய எப்டி பாக்கறது?"

"இருட்டு வேணும்."

நான் மேலே பார்த்தேன். ஆரணி வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் சிரித்துக்கொண்டே அரிசி மூட்டைகளை மூடும் என் தார்ப்பாயை உருவினார்.

வண்டியின் முன்பக்கத்தைச் சுவரில் முட்டக் கொடுத்து நிறுத்தினோம். இடது சீட்டைத் தூக்கிக் கழற்றினார். தார்ப்பாயை இரண்டாக மடித்து கேபின் முழுக்கப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்தார். எதிரே இஸ்திரி போடுகிறவரிடம் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை இரவல் வாங்கினார். நான் டிரைவர் சீட்டில். அவர் இடது கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டு எஞ்சினுக்கு மேல் குனிந்தார். தார்ப்பாயை இறக்கியதும் கும்மிருட்டு. சூடு, கிரீஸ் நாற்றம், பழைய அரிசி வாசனை. வேர்வை கண்ணில் இறங்கியது.

"ஸ்டார்ட் பண்ணுங்க. மூணாவது கியர். ஹேண்ட் பிரேக்க எடுக்காதீங்க. கிளட்ச்ச பாதி விட்டு எஞ்சின முக்க வைங்க. லோடு ஏறினாத்தான் அது வேலைய காட்டும்."

செய்தேன். எஞ்சின் முக்கியது. வண்டி முழுக்க நடுங்கியது. அவர் பாட்டிலை அழுத்தினார், பூந்தூறலாகத் தண்ணீர் விழுந்தது.

அப்போது பார்த்தேன்.

இரண்டாவது வயரின் நடுவில் நீலமாக ஒன்று ஓடியது. ஒரே ஒரு பொறி இல்லை. எட்டு, பத்து நீல இழைகள், தலைமயிர் கனம்தான் இருக்கும், வயரைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒரு முடிச்சில் சேர்ந்து, பக்கத்து இரும்பு போல்ட்டுக்குள் பாய்ந்து மறைந்தன. மறுபடி. மறுபடி. எஞ்சின் உலுக்குகிற ஒவ்வொரு தடவையும் 'சிர்ர்' என்று ஒன்று. பட்டுப்புடவைக் கரையை வெயிலில் திருப்பினால் ஒரு மினுக்கு ஓடுமே, அதை யாரோ நீலத்தில் நெய்துவிட்ட மாதிரி இருந்தது.

என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. இப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. என்னைக் கொல்லப் பார்த்தது இதுதான் என்று தெரிந்தும், அது நின்றுவிடக் கூடாது என்று ஒரு ஆசை வந்தது. சுவிட்சை அணைக்கச் சொல்லி பாஷா பாய் இரண்டு தடவை கத்திய பிறகுதான் அணைத்தேன்.

தார்ப்பாயைத் தூக்கினார். பளிச்சென்று வெளிச்சம். பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் வயரின் அந்த இடத்தைச் சுரண்டினார். அழுக்குக்கு அடியில் மஞ்சளாக மின்னியது.

"இன்னா சிஸ்டர் இது? நானும் நூலுன்னு நெனச்சு விட்டுட்டேனே."

குனிந்து பார்த்தேன்.

"ஜரிக" என்றேன்.

"ஜரிகயா! யா அல்லா! யாரு கட்டுனது?"

"நாந்தான் பாய்."

நான் கட்டிய முடிச்சு

நாலைந்து மாதம் முன்பு நடந்தது. அந்த வயரைப் பிடித்திருந்த கிளிப் உடைந்துபோயிருந்தது. வயர் தொளதொளவென்று சூட்டில் உரசிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கயிறு கட்டினால் உருகிவிடும், சணல் கட்டினால் கருகிவிடும். நான் அப்போது ஒரு நெசவுக்காரர் வீட்டு வாசலில் லோடுக்காகக் காத்திருந்தேன். புடவை அறுத்த தறியில் மிச்சமான ஜரிகை ஒரு சுருட்டு, ஜன்னலில் கிடந்தது. கேட்டேன், கொடுத்தார்கள்.

எங்கள் ஊரில் இது அதிசயமே இல்லை. அவரைக் கொடியைக் கட்ட, சைக்கிள் மணியைக் கட்ட, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைத் தொங்கவிட, எல்லாவற்றுக்கும் மிச்ச ஜரிகைதான். உருகாது, அறாது. எட்டு சுற்று இறுக்கிச் சுற்றி, போல்ட்டில் கட்டி முடிச்சுப் போட்டேன். எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஜரிகை உலோகம். அது கம்பி. பட்டு இழை மேல் சுற்றிய கம்பி. சின்ன வயதிலிருந்து புடவையாகவே பார்த்துப் பழகியவளுக்கு அது நூலாகத்தான் தெரிந்தது. பாஷா பாய்க்கும் அப்படியே. வெளியூர் மெக்கானிக்காக இருந்தால் முதல் நாளே பிடித்திருப்பான்.

எஞ்சின் அதிர அதிர ஜரிகை ரப்பரை மெல்ல அறுத்திருக்கிறது. பாஷா பாய் விளக்கினார்: "பிளக்குல பொறி ஒரு சந்த தாண்டணும். லோடு இல்லன்னா சுலுவா தாண்டும். லோடு ஏறினா உள்ள அமுக்கம் ஜாஸ்தி. பெட்ரோலவிட கேஸுல இன்னும் கஷ்டம். அப்போ வெளிய ஒரு லேசான வழி இருந்தா அது அந்தாண்டதான் பூடும். இரிடியத்துல சந்து இன்னும் பெருசு. அதான் நீங்க போட்டதும் பேஜாராயிடுச்சு."

ஆக, மூன்று நாள் நான் வாங்கிப் போட்ட ஒவ்வொரு பார்ட்டும் நல்ல பார்ட்தான். அலமேலக்காவின் கதவுக்கு நேரே பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தியது என் முடிச்சு.

பாஷா பாய் என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அந்தக்கா கேட்டா வயர் பழசு, வெடிச்சிருந்துச்சுன்னு சொல்லிடுங்க. நா ஒண்ணியும் சொல்ல மாட்டேன்" என்றார்.

நல்ல மனுஷன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. 'சரி பாய்' என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

தேசூர்ப் பனைமரம்

அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்குத் தேசூர் ஞாபகம் வந்தது. நான் பிறந்த ஊர். அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். ஒரு ஐப்பசி மழையில் பள்ளிக்குப் பின்னால் இருந்த பனைமரத்தில் இடி விழுந்தது. மழை விட்டதும் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். மரம் உச்சியிலிருந்து அடிவரை ஒரு கோடாகக் கிழிந்து, உள்ளே புகைந்துகொண்டிருந்தது. அப்பா எதற்குமே வாய் ஓயாதவர். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

அதே மின்னல்தான் இதுவும் என்று பாஷா பாய் சொன்னார். வீட்டுக் கரண்டைப்போல் நூறு மடங்கு பலமாம். அதைப் பிடித்துத் தீக்குச்சித் தலை அளவு இடத்தில் அடைத்து, நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் வேலை வாங்குகிறார்களாம். நான் இத்தனை வருஷமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யோசித்துப் பார்த்தால், எனக்குச் சொல்வதற்கு இருந்த ஒரே ஆள் அலமேலக்காதான்.

அவளிடம் வயர் பழசு என்று சொல்லிவிட்டு இதை எப்படிச் சொல்வது?

தரணி அண்ணன் கடையில், மறுபடி

சாயந்தரம் தரணி அண்ணன் கடைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் செய்தித்தாளை விரித்தார். அதே மூன்று பிளக்கை அதே வரிசையில் வைத்தார்.

"எது போடலாம்ணே?" என்று கேட்டேன்.

கல்லாவுக்குப் பின்னால் முதல் தடவையாக அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கேள்வி கேட்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஜரிகைக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நடுவில் இருந்த கேஸ் பிளக்கை என் பக்கம் தள்ளினார். வயரில் இரண்டு வகை காட்டினார். ஒன்று சிவப்பு, தடிமன், பளபளப்பு. இன்னொன்று சாதாரணக் கறுப்பு. என் கை தன்னால் சிவப்புப் பக்கம் போனது. அவர் இருமினார். கையை இழுத்துக்கொண்டேன்.

"ஒங்க எஞ்சினுக்கு கம்பெனில போட்டு வந்தது இந்த கறுப்புதான். நீளம் சரியா இருக்கும், எங்கயும் ஒரசாது. சேப்பு பாக்க நல்லாருக்கும்மா. அதுக்கு வேற வண்டி வேணும்."

இரண்டு கேஸ் பிளக், இரண்டு கறுப்பு வயர், உடைந்துபோன அந்தப் பிளாஸ்டிக் கிளிப். மொத்தமும் ஒரு டிபன் பாக்ஸுக்குள் அடங்கிவிட்டது. பிளக்கின் சந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விசிட்டிங் கார்டு செருகலாம், மூன்றாவது நுழையாது. பொறி இந்த இடைவெளியைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். 

"காட்டு"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்காதீர்கள். என் மனசு அங்கே இல்லை. ஆராதனை முடிந்ததும் அதே புடவையோடு அலமேலக்கா வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க 'வயர் பழசு, வயர் பழசு' என்று மனப்பாடம் செய்துகொண்டு போனவள், அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையோ சொன்னேன்.

"அக்கா, தப்பு வண்டி மேல இல்ல. எம்மேல. ஜரிகய சுத்தி வயர கட்டிட்டேன். கரண்ட்டு அது வழியா பூடுச்சு. அதான் நின்னுச்சு."

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"நீ கட்டுனதா?"

"நாந்தான்."

"தெரிஞ்சா கட்டுன?"

"சத்தியமா தெரியாதுக்கா."

நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே அந்த நீலத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லக் கூடாத நேரம் அது, எனக்குத் தெரியும். ஆனாலும் கையை ஆட்டி ஆட்டி, எப்படி ஓடியது, எப்படிச் சுற்றியது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"காட்டு" என்றாள்.

பாஷா பாய்க்கு வெள்ளிதான் லீவு, ஷெட் திறந்திருந்தது. புது வயரை இன்னும் மாட்டவில்லை. மறுபடி தார்ப்பாய், மறுபடி தண்ணீர். பாஷா பாய் வெளியே நின்று தார்ப்பாயைப் பிடித்துக்கொள்ள, அலமேலக்கா இடது கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டாள். நான் எஞ்சினை முக்க வைத்தேன். நீலம் ஓடியது.

"அடியாத்தாடீ!"

இருட்டில் அவள் கன்னத்தில் நீலம் விட்டு விட்டு அடித்தது. வாய் திறந்தே இருந்தது.

"இத்தினி நாளா இது மேலயா குந்திகினு வந்தேன்?" என்று கேட்டாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. கோவிலில் பேசுகிற குரல்.

"ஆமாக்கா."

"இத்தினூண்டு கீதே. இதுவா முப்பது சிப்பத்த இழுக்குது?"

"இது பத்த வைக்குது, கேஸு எரிஞ்சு இழுக்குது" என்றார் பாஷா பாய் வெளியிலிருந்து.

"இன்னொருவாட்டி காட்டு" என்றாள்.

நாலு தடவை காட்டினோம். வெளியே வந்தபோது முகம் முழுக்க வேர்வை. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பாஷா பாய் ஜரிகையை வெட்டி எடுத்துப் புது வயரை மாட்டி, கிளிப்பை 'டிக்'கென்று அழுத்தும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அப்புறம், "நாளைக்கி காலைல சேவூர் திருப்பம். முப்பது சிப்பம். கொறையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஏறுவேன் என்று சொல்லவில்லை.

சேவூர் திருப்பம்

திங்கட்கிழமை காலை. மில்லில் இரண்டு ஆட்கள் லோடு ஏற்றிக் கொடுத்தார்கள். திருப்பத்துக்குப் போனபோது அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் வந்து நின்ற இடத்துக்கு நேராக, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வா என்று கையை அசைத்தாள்.

மிதித்தேன். வண்டி ஒரே பாய்ச்சலாகப் போய் அந்தப் பக்கம் நின்றது. அவள் தலையை ஆட்டவில்லை. விரலால் வட்டம் போட்டாள். திரும்பி வந்து மறுபடி தாண்டினேன். மறுபடி. ஆறு தடவை தாண்ட வைத்தாள். டீக்கடையில் நின்றவர்கள் நாங்கள் ஏதோ சினிமா எடுக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வந்தது பெருமையா பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஏழாவது தடவை நான் இந்தப் பக்கம் வந்து நின்றபோது அவள் ரோட்டைத் தாண்டி வந்தாள். இடது கதவைத் திறந்தாள். உட்காருவதற்கு முன்னால் சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏறினாள். கதவைச் சாத்தினாள்.

எனக்குக் கால் வரவில்லை.

ஆறு தடவை அநாயாசமாக மிதித்த கால். அந்தக் கதவோரம் அவள் உட்கார்ந்ததும் மரத்துப்போய்விட்டது. ரோடு இரண்டு பக்கமும் காலி. மூக்கை நீட்டிக்கொண்டு வண்டி நிற்கிறது. பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான். எனக்கு எலுமிச்சை மாலைதான் தெரிகிறது.

"இன்னா?" என்றாள்.

"முடியலக்கா. நீ எறங்கிடு."

அவள் இடது பக்கம் எட்டிப் பார்த்தாள். எனக்கும் சேர்த்து வலது பக்கமும் பார்த்தாள்.

"வண்டி நல்லாயிடுச்சு. நா ஏறிட்டேன். நீ இன்னா இன்னும் மிஸ்ஸிங் அடிச்சுகினு கீற?" என்று சொல்லிவிட்டு, இருபத்தாறு கிலோ சிப்பத்தைத் தூக்குகிற அந்தக் கையை என் வலது முட்டியின் மேல் வைத்து ஒரே அமுக்கு அமுக்கினாள்.

வண்டி பாய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டே ரோட்டைத் தாண்டினோம்.